‘அருமை’, ‘போரடிக்கிறது’, ‘காசு தண்டம்’: பேன்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

‘தி பேன்டம் ஆஃப் தி ஓப்பரா’ ஊர் ஊராகப் போகும் இசை நாடகம். பாரிஸ் ஓப்பரா அரங்கின் பாதாளத்தில் ஒளிந்து வாழும், எல்லோரும் ‘பேய்’ என்று அழைக்கும் முகமூடி மனிதன் கிறிஸ்டீன் என்ற இளம் பாடகி மேல் ஆசை வைப்பதுதான் கதை. லண்டனில் 1986 அக்டோபர் 9 அன்று தொடங்கியது. நியூயார்க்கில் 13,981 காட்சிகள் ஓடி 2023 ஏப்ரல் 16 அன்று முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் 2012-இல் ஜோஹன்னஸ்பர்க் மான்டிகசினோ கசினோ வளாகத்தில் உள்ள டியாட்ரோ அரங்கில் நடந்தது. 2025 மார்ச்சில் மும்பைக்கும் வந்தது. இத்தனை ஊர் சுற்றிய பிறகும் பார்த்தவர்களிடம் கேட்டால் பதில் ஒன்றுபோல் வருவதில்லை. ஒரே இரவு, ஒரே நடிகர்கள், ஒரே பாட்டு. கீழே உட்கார்ந்தவர் ‘உடம்பு சிலிர்த்துவிட்டது’ என்பார். மாடிக் கடைசி வரிசையில் இருந்தவர் ‘ஒன்றும் தெரியவில்லை, தூங்கிவிட்டேன்’ என்பார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பெரிய பயண நாடகங்களைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பகுதி நாடகத்தைப் பற்றியதே அல்ல. உட்கார்ந்த இடம், வந்து சேர்ந்த நேரம், அன்றைய ஒலி, முன்பே பார்த்திருந்த சினிமா ஆகியவற்றைப் பற்றியவை. டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க்குக்கு டிக்கெட், பெட்ரோல், தங்கும் அறை என்று செலவழித்துப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் காசு வீணாகாது. அதனால் இந்த விமர்சனத்தில் வழக்கமாகக் காதில் விழும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு என்ன காரணம், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

‘வார்த்தை ஒன்றும் புரியவில்லை’

அதிகம் கேட்கும் குறை இதுதான். ஆங்கிலம் தெரியாதவர்கள் சொல்வது என்று நினைக்கவேண்டாம். ஆங்கிலமே வீட்டுமொழி ஆகிவிட்ட, டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களின் இளைஞர்களும் இதையேதான் சொல்கிறார்கள். காரணம் இரண்டு.

முதலாவது, எழுதப்பட்ட விதம். முதல் பாகத்தில் ஓப்பரா முதலாளிகளின் அலுவலகத்தில் கடிதங்கள் வந்து குவியும் காட்சியில் ஏழு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வரியைப் பாடுகிறார்கள். அதில் ஒவ்வொரு சொல்லும் காதில் விழவேண்டும் என்று இசையமைப்பாளரே எதிர்பார்க்கவில்லை. குழப்பம்தான் அங்கே நகைச்சுவை. அதைப் பிடித்துப் பிடித்துக் கேட்க முயல்கிறவர் களைத்துப்போய், அடுத்து வரும் தெளிவான பாட்டையும் விட்டுவிடுகிறார். அந்தக் காட்சியில் மூன்று செய்திகள் மட்டும் போதும்: பேய் கடிதம் எழுதியிருக்கிறது, கிறிஸ்டீனுக்குப் பெரிய வேடம் கேட்கிறது, முதலாளிகள் மறுக்கிறார்கள். மற்றதை இசையாகக் கேளுங்கள்.

இரண்டாவது, ஒலி. நடிகர்களின் மைக் நெற்றிமுடி ஓரத்தில், விக்குக்குள் பதிந்திருக்கும், பட்டாணி அளவுகூட இல்லாத ஒன்று. வியர்வை அதன் வாயை அடைத்தால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். இரண்டாம் பாகத்தின் நடுவில் திடீரென்று ஒருவர் குரல் மட்டும் மங்கி, அவர் உள்ளே போய்த் திரும்பி வந்ததும் தெளிந்தால், உள்ளே மைக்கை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது விபத்து, எந்த ஊரிலும் நடக்கும். இடம் சார்ந்த சிக்கல் வேறு. மாடி கூரைபோல் மேலே நீண்டிருக்கும் கீழ்த்தளக் கடைசி வரிசைகளில் பெரிய ஸ்பீக்கரின் சத்தம் நேராக வந்து சேராது. கூரையில் பதித்த சின்ன ஸ்பீக்கர்களை நம்பவேண்டியிருக்கும். பெரிய ஸ்பீக்கரின் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும்படி அவற்றின் தாமதக் கணக்கு ஒவ்வொரு ஊரிலும் புதிதாகச் சரிசெய்யப்படவேண்டும். பயண நாடகம் ஓர் ஊரில் இறங்கிய முதல் சில காட்சிகளில் இது இன்னும் சீராகியிருக்காது. முதல் வாரம் பார்த்தவர் ‘ஒலி மோசம்’ என்பதும், மூன்றாவது வாரம் பார்த்தவர் ‘அப்படியொன்றும் இல்லையே’ என்பதும் இதனால்தான்.

முன்வரிசைக்கும் ஒரு சிக்கல் உண்டு. வாத்தியக்குழுவின் சத்தம் மேடைக்கு முன்னால் இருக்கும் குழியிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். குரலோ மேடை விளிம்பில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து வரும். டிரம்மும் பித்தளைக் குழல்களும் குரலை விழுங்கிவிடும். நல்ல ஒலி வேண்டுமென்றால் ஒரு குறுக்குவழி: ஒலிக் கலவை மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கீழ்த்தளத்தின் பின்பகுதி நடுவில் இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒலிக் கலைஞர் தன் காதில் கேட்பதை வைத்துத்தான் அரங்கம் முழுவதற்கும் ஒலியை அனுப்புகிறார். அவருக்கு முன்னால் நாலைந்து வரிசைக்குள் நடுப்பகுதியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

‘வாத்தியக்காரர்கள் குறைவு’ என்றும் சிலர் சொல்வார்கள். பயணக் குழுவை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை. லண்டனிலேயே 27 பேர் வாசித்த இடத்தில் கொரோனாவுக்காக மூடி 2021-இல் மறுபடி திறந்த பிறகு 14 பேர்தான். வயலின் கூட்டத்தின் கனம் கீபோர்டில் வருவதைக் காது உள்ளவர் கண்டுபிடித்துவிடுவார், மற்றவர்களுக்குத் தெரியாது.

‘சரவிளக்கு இவ்வளவுதானா?’

இந்த நாடகத்தை விற்பதே அந்தச் சரவிளக்கு. ஆகவே அதிக ஏமாற்றமும் அங்கேதான். மூலத் தயாரிப்பின் விளக்கு 3 மீட்டர் அகலம், ஒரு டன் எடை, 6,000 மணிகள் என்று தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு. அது தொடக்கத்தில் பார்வையாளர் தலைக்கு மேலே எழும்பி, முதல் பாகத்தின் முடிவில் மேடையை நோக்கிச் சரிந்து இறங்கும். அந்த எடை ஆட்கள் தலைக்கு மேல் தொங்கும்போது இறங்கும் வேகத்தை மோட்டார் கட்டுப்படுத்தித்தான் ஆகவேண்டும். கல் விழுவதுபோல் விழாது. சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ‘மெதுவாக இறங்கி வந்து உட்கார்ந்தது’ என்று தோன்றுகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2004-இல் வந்த திரைப்படத்தில் சரவிளக்கு விழுவது கதையின் உச்சக்கட்டத்தில். நாடகத்தில் அது இடைவேளைக்கு முன்பே வந்துவிடும். படம் பார்த்துவிட்டு வருகிறவர் இடைவேளைக்கு முன்னால் அது விழும்போது தயாராக இருப்பதில்லை. பிறகு கடைசி வரை இன்னொரு தடவை விழும் என்று காத்திருக்கிறார். கல்லறைக் காட்சியில் வாள் சண்டையும் படத்தில் மட்டும்தான்; மேடையில் பேய் தன் கோலிலிருந்து நெருப்பை வீசும். ‘நிறைய வெட்டிவிட்டார்கள்’ என்று புலம்புகிறவர்களிடம் படத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பாதிப் பேர் ஆமாம் என்பார்கள்.

சரவிளக்கை உடம்பால் உணரவேண்டுமானால் கீழ்த்தளத்தின் முன் பாதி. நிழல் மேலே படும், தலையைத் தூக்காமல் இருக்க முடியாது. மாடியில் இருப்பவருக்கு அது கண்ணுக்கு நேராக அல்லது கீழே தெரியும் ஒரு பொருள், அவ்வளவுதான். விளக்கு மேலே தொங்கும்போது மாடியின் சில இடங்களிலிருந்து மேடையின் மேல்பகுதியை மறைக்கவும் செய்யும். டிக்கெட் வாங்கும்போது ‘பார்வை மறைக்கும் இடமா?’ என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

அதே சமயம் கீழ்த்தளக் கடைசி வரிசைகளில் இருப்பவர்கள் வேறொன்றை இழக்கிறார்கள். முதல் பாக முடிவில் பேய் மேடை முகப்பின் உச்சியில், தங்கச் சிற்பங்களுக்கு நடுவில் தோன்றும். மாடிக் கூரை தலைக்கு மேல் நீண்டிருந்தால் அந்த உச்சி தெரியாது. குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். முன்னால் இருப்பவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்ப்பதை வைத்து ஊகிக்கவேண்டியதுதான்.

ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது, எதை வாங்குவது என்றால் எங்கள் பதில் முதல் மாடியின் முன்வரிசை நடு. சரவிளக்கின் பயம் குறையும்; ஆனால் தரையிலிருந்து மெழுகுவர்த்திகள் புகையைக் கிழித்துக்கொண்டு எழும்புவதும், படகு ஏரியில் வளைந்து வருவதும் முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான். கீழே முன்வரிசையில் இருப்பவருக்குப் புகைதான் தெரியும், தரை தெரியாது.

‘டேப் போட்டு ஏமாற்றுகிறார்கள்’

பேயும் கிறிஸ்டீனும் பாதாளத்துக்கு இறங்கிப் போகும் பாட்டைப் பற்றிய குற்றச்சாட்டு. பாதி உண்மை. அந்த ஒரு பாட்டில் சில பகுதிகள் முன்பே பதிவானவை. மேலே பாலத்தில் தூரத்தில் நடப்பது பல சமயம் அவர்களைப்போல் உடுத்திய மாற்றாட்கள். அதே நொடியில் உண்மையான இருவரும் கீழே படகில் ஏறிக்கொண்டிருப்பார்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் மேலிருந்து கீழே வருவது நடக்காது. மற்ற பாட்டெல்லாம் நேரடிக் குரல்தான். சந்தேகம் இருந்தால் அடுத்து வரும் மெதுவான தனிப்பாட்டைக் கவனியுங்கள். மூச்சு வாங்கும் இடம் ஒவ்வொரு இரவும் மாறும்.

மாறுவேட விருந்துக் காட்சிக்கும் இதேபோல் ஒரு ரகசியம். படிக்கட்டு நிறைய ஆட்கள் நிற்பதாகத் தெரிவதில் கணிசமான பேர் பொம்மைகள். முன்வரிசையில் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தவர்கள் சிரிக்கிறார்கள், மாடியில் இருப்பவர்கள் ‘எத்தனை பேர் நடிக்கிறார்கள்!’ என்று வியக்கிறார்கள். இந்த ஒரு காட்சிக்கு மலிவான இடத்தில் இருப்பவருக்குத்தான் லாபம்.

தாமதமாக வந்தவர்கள்

எங்கள் கணக்கில் நாடகத்தை உண்மையிலேயே கெடுத்துக்கொள்கிறவர்கள் இவர்கள்தான். அவர்களுக்கே அது தெரிவதில்லை.

நாடகம் பழைய ஓப்பரா அரங்கின் சாமான்களை ஏலம் விடும் சின்னக் காட்சியுடன் தொடங்குகிறது. ஏல எண் 665: பாரசீக உடை போட்ட ஒரு குரங்கு பொம்மை, கையில் தாளம், அடியில் இசைப்பெட்டி. சக்கர நாற்காலியில் இருக்கும் கிழவர் அதை வாங்குகிறார். ஏல எண் 666 உடைந்த சரவிளக்கு. துணியை உருவியதும் வெளிச்சம் வெடித்து, ஆர்கன் முழங்கி, விளக்கு மேலே ஏறுகிறது. காலம் பின்னால் ஓடிவிடுகிறது. இத்தனையும் சில நிமிடங்களில். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து இன்ன கதை, இன்ன ராஜா என்று சொல்லிவிட்டுப் போவதுபோல, இந்த நாடகத்துக்கு அந்த ஏலம்தான் கட்டியம். நேட்டாலில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் வாங்கிய நம் கூத்தில் நடுராத்திரியில் வந்து உட்கார்ந்தாலும் யாராவது கதை சொல்லிவிடுவார்கள். இங்கே சொல்லமாட்டார்கள்.

தாமதமாக வருகிறவர்களை அரங்க ஊழியர்கள் வாசலிலேயே நிறுத்தி, சரியான இடைவெளி வரும்போது மட்டும் உள்ளே விடுவார்கள். அதற்குள் குரங்கு பொம்மை போய்விட்டது, கிழவர் போய்விட்டார். கடைசிக் காட்சியில் அந்தக் குரங்கு மறுபடி வரும். பேய் அதன் அருகே உட்கார்ந்து மெல்லிய குரலில் பாடும். அரங்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்பது அங்கேதான். ஏலத்தைப் பார்க்காதவருக்கு அது யாரோ ஒரு பொம்மையோடு பேசுகிறார் என்று மட்டும் தெரியும். ‘முடிவு சப்பென்று இருந்தது’ என்று சொல்கிறவரிடம் எத்தனை மணிக்குள் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்கவேண்டும்.

டியாட்ரோ இருப்பது ஃபோர்வேஸில். வில்லியம் நிக்கல் டிரைவ் என்று இருந்து 2023-இல் வின்னி மண்டேலா டிரைவ் என்று பெயர் மாறிய சாலை வழியாகத்தான் பெரும்பாலோர் வருவார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அது நகராது. வாகனம் நிறுத்தி, கசினோ வளாகத்தின் உள்தெருக்களைக் கடந்து, டிக்கெட் காட்டி உட்காருவதற்கே நல்ல நேரம் பிடிக்கும். காட்சி நேரத்துக்கு ஒரு மணிநேரம் முன்னால் வாகன நிறுத்துமிடத்தில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள்.

‘இரண்டாம் பாகம் இழுவை’

டர்பன்காரர்களிடம்தான் இது அதிகம். காரணம் என்-3 நெடுஞ்சாலை. ஏறக்குறைய 570 கிலோமீட்டர், வழியில் வான் ரீனன் கணவாய், லாரிகள், சில நாள் மூடுபனி. ஆறு மணிநேரம் என்று கணக்குப் போட்டால் ஏழாகிவிடும். காலையில் கிளம்பி, மதியம் போய்ச் சேர்ந்து, இரவுக் காட்சியில் உட்கார்ந்தால், இடைவேளைக்குப் பிறகு கண் சொக்குவது நாடகத்தின் குற்றமா?

அமைப்பிலும் கொஞ்சம் குற்றம் உண்டுதான். இரண்டாம் பாகம் மாறுவேட விருந்தின் ஆரவாரத்தோடு தொடங்கி, உடனே மறுபடி அலுவலகம், கடிதங்கள், ஒத்திகை என்று தணிகிறது. கல்லறைக் காட்சி வரை ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். முதல் பாகத்தில் எல்லா வித்தைகளையும் காட்டிவிட்டு, இரண்டாம் பாகத்தில் அடக்கி வாசிப்பது இயக்குநர் ஹால் பிரின்ஸின் வழி. எங்களுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் பிடிக்காது. இடைவேளையோடு சேர்த்து மொத்தம் சுமார் இரண்டரை மணிநேரம்.

முந்தின நாளே போய்விடுங்கள். இல்லையென்றால் விமானத்தில் லான்சீரியாவுக்குப் போங்கள். ஓ.ஆர். டாம்போவைவிட அது ஃபோர்வேஸுக்கு மிகவும் பக்கம். வண்டியில்தான் போகவேண்டும் என்றால் இரவுக் காட்சி முடிந்து அதே இரவு திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இடைவேளையில் கழிப்பறை வரிசைதான் பெரிய சிக்கல், பெண்கள் பக்கம் குறிப்பாக. விளக்கு எரிந்ததும் முதலில் எழுந்துவிடவேண்டும், காபி பிறகு. புரட்டாசி விரதத்திலோ காவடிக்கு முன் விரதத்திலோ இருப்பவர்கள் அரங்கக் கடையை நம்பவேண்டாம். இடைவேளைக் கூட்டத்தில் ஒவ்வொரு பண்டத்திலும் முட்டை இருக்கிறதா, எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்டுப் பதில் வாங்குவது நடக்கிற காரியமில்லை. முன்பே சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் சுகம்.

‘பெரிய பெயர் வரவில்லை’

விளம்பரத்தில் இருந்த நடிகை அன்று பாடவில்லை என்ற குறை இது. வாரத்துக்கு எட்டுக் காட்சி. கிறிஸ்டீன் வேடம் தொண்டையை வதைக்கும் வேடம். அதனால் இந்த நாடகத்தில் அந்த வேடத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேர். ஒருவர் ஆறு காட்சி, இன்னொருவர் இரண்டு என்பது வழக்கமான ஏற்பாடு. யாரோ உடம்பு சரியில்லாமல் வந்த ‘மாற்று ஆள்’ அல்ல அவர். விளம்பரத்தில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கவேண்டும் என்றால் டிக்கெட் வாங்குமுன் எந்தக் காட்சியில் யார் என்று கேளுங்கள். உறுதி தரமாட்டார்கள், ஆனால் வழக்கத்தைச் சொல்வார்கள். எங்கள் அனுபவத்தில் இரண்டாவது கிறிஸ்டீனைப் பார்த்தவர்கள் ஏமாந்ததாகச் சொன்னது குறைவு. வாரம் இருமுறை மட்டும் பாடுகிறவரின் குரல் களைப்பில்லாமல் இருக்கும்.

கைதட்டலும் எழுந்து நிற்பதும்

தென்னாப்பிரிக்காவில் இசை நாடகத்துக்குக் கடைசியில் எழுந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. நன்றாக இருந்தாலும் நிற்பார்கள், சுமாராக இருந்தாலும் நிற்பார்கள். ‘எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்’ என்று யாராவது சொன்னால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. நம்பத் தகுந்த அடையாளம் அதற்கு முந்தின நொடிகளில் இருக்கிறது. கடைசிக் காட்சியில் பேய் நாற்காலியில் அமர்ந்து தன் அங்கியைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. மெக் என்ற சிறுபெண் வந்து அங்கியை இழுக்கிறாள். உள்ளே யாரும் இல்லை, வெள்ளை முகமூடி மட்டும். அவள் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் நீட்டுகிறாள். விளக்கு அணைகிறது. அணைந்த பிறகும் கைதட்டல் வருவதற்குத் தாமதமானால் அன்றைய காட்சி கூட்டத்தைப் பிடித்துவிட்டது. அவள் முகமூடியைத் தொடும்போதே பின்னாலிருந்து விசில் கிளம்பினால், பாதிப் பேர் வாகன நிறுத்தக் கட்டணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பவர் கூடவே பாடுவது இந்த நாடகத்தில் பெரும் தொல்லை. எல்லா நாடகத்திலும் அப்படியில்லை. ‘சரஃபீனா!’வுக்குப் போய் அந்தக் குறையைச் சொன்னால் சிரிப்பார்கள். பொங்கேனி எங்கேமா எழுதி, ஹியூ மசகேலாவும் சேர்ந்து இசை தந்து, 1987-இல் ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் தொடங்கிய அந்த நாடகத்தில் பார்வையாளர்கள் எதிர்க்குரல் கொடுப்பார்கள், குலவையிடுவார்கள், எழுந்து ஆடுவார்கள். சோவெட்டோ மாணவர்களின் கதை அது, மௌனமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு எழுதப்படவில்லை. (மார்க்கெட் தியேட்டர் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் இந்தியப் பழச்சந்தை என்பது போகிற போக்கில் சொல்லவேண்டிய செய்தி.) ‘தி லயன் கிங்’ இரண்டுக்கும் நடுவில். டியாட்ரோ அரங்கமே 2007-இல் அந்த நாடகத்தோடுதான் திறந்தது. அதன் முதல் காட்சியில் விலங்குகள் பார்வையாளர் நடுவே நடைபாதை வழியாக மேடைக்குப் போகும். அங்கே மாடி முன்வரிசையைவிடக் கீழ்த்தளத்தில் நடைபாதை ஓர நாற்காலிக்குத்தான் மதிப்பு. பாட்டுகளில் சூலு, ஹோசா, சோத்தோ மொழிகள் வருவதால் லண்டனில் சத்தமாக மட்டும் கேட்கிற இடத்தில் இங்கே அர்த்தம் புரிந்து சிரிப்பும் பதிலும் கிளம்பும். குவாசூலு-நேட்டாலில் வளர்ந்த தமிழருக்கு இதில் லாபம் உண்டு. பேன்டத்துக்கு வாங்கவேண்டிய இடத்தை லயன் கிங்குக்கும், லயன் கிங்குக்கு வாங்கவேண்டியதைப் பேன்டத்துக்கும் வாங்கிவிட்டு ஏமாந்ததாகச் சொல்கிறவர்கள் நிறைய.

வீட்டுப் பெரியவர்கள் பேசாமல் இருந்தால்

ஆயாவையும் தாத்தாவையும் கூட்டிப்போனோம், ஒன்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்வதையும் கேட்டிருக்கலாம். அவசரப்படவேண்டாம். கேப்டவுனில் இப்போது ஆர்ட்ஸ்கேப் என்று இருக்கும் அரங்கம் 1971-இல் நிக்கோ மலான் என்ற பெயரில் வெள்ளையருக்கு மட்டும் திறந்தது. 1975-இல்தான் மற்றவர்களை உள்ளே விட்டார்கள். 1959-இல் ‘கிங் காங்’ என்ற இசை நாடகத்தை ஜோஹன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழக மண்டபத்தில் போட்டதற்கு ஒரு காரணம், எல்லா நிறத்தவரும் ஒரே கூரைக்கீழ் உட்கார அங்கே வழியிருந்தது. இன்று 75 வயதானவருக்கு இப்படிப்பட்ட அரங்கத்தில் எங்கே கைதட்டுவது, எங்கே சிரிப்பது என்பதை இளமையில் பழகிக்கொள்ள நாடு இடம் கொடுக்கவில்லை. அவர்கள் பழகியது சினிமாக் கொட்டகையும் கோயில் கூத்தும். பேசாமல் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்து அந்தக் குரங்கு பொம்மையைப் பற்றிக் கேட்பார்கள்.

அவர்களைக் கூட்டிப்போவதானால் ஞாயிறு பகல் காட்சிதான் சரி. கூட்டம் அமைதியாக இருக்கும், திரும்பும்போது வெளிச்சம் இருக்கும். முதல் மாடிக்கு எத்தனை படி, லிஃப்ட் எங்கே, கைப்பிடி இருக்கிறதா என்பதை முன்பே கேளுங்கள். மாடி நாற்காலி வரிசைகளின் படிகள் செங்குத்தாக, அரை இருட்டில் இருக்கும். சக்கர நாற்காலிக்கான இடங்கள் எந்த அரங்கிலும் எண்ணிக்கையில் குறைவு. தொலைபேசியில் கேட்டு வாங்குவதே பத்திரம்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். முதல் பாகத்தில் கோமாளி ஓப்பராவின் நடுவே, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, தூக்கில் தொங்கும் உடல் மேலிருந்து விழும். பிள்ளைகள் அலறுவது அங்கே. துப்பாக்கிச் சத்தமும் நெருப்பும் புகையும் வேறு. எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம். புகையைப் பற்றி ஒரு வார்த்தை: ஏரிக் காட்சியில் தரையோடு தவழ்ந்து வாத்தியக் குழிக்குள் வழியும் வெள்ளைப் புகை உலர்பனியால் (டிரை ஐஸ்) வருவது, லண்டன் கணக்குப்படி ஒரு காட்சிக்கு 250 கிலோ. முன்வரிசைக்குச் சில்லென்று அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முதல் சில வரிசைகளைத் தவிர்த்து, இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் காற்று காய்ந்திருக்கும். டர்பனின் ஈரக் காற்றில் பழகிய தொண்டைக்கு அங்கே இருமல் வருவதற்குப் புகைகூடத் தேவையில்லை.

காட்சி நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? நடக்கக்கூடியதுதான். படகு நகராமல் நிற்கும், மெழுகுவர்த்தித் தூண் பாதியில் சிக்கும். ஒரு தூண் எழும்பாவிட்டால் பார்வையாளரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, நடிகர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். படகு நின்றால் திரை விழும், அறிவிப்பு வரும். எழுந்து போய்விடாதீர்கள். சரிசெய்து விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் வழக்கம். காட்சி முழுதாக ரத்தானால்தான் பணத்தைப் பற்றிய பேச்சு. டிக்கெட்டின் நிபந்தனையில் இது இருக்கும். வாங்கும்போதே படித்து, ரசீதை வைத்திருங்கள்.

டர்பனில் ஆன்டன் லெம்பேடே தெருவில் பிளேஹவுஸ் அரங்கம் இருக்கும்போது ஏன் ஜோஹன்னஸ்பர்க் வரை போகவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த அளவு தயாரிப்பு ஓர் ஊரில் இறங்கினால் மேடையைக் கட்டவே பல நாள் ஆகும். அந்தச் செலவை எடுக்க வாரக்கணக்கில் அரங்கம் நிறையவேண்டும். அதனால் பெரிய பயணங்கள் பெரும்பாலும் ஜோஹன்னஸ்பர்க், கேப்டவுனோடு நின்றுவிடுகின்றன.

கோயில் சங்கம், மாதர் சங்கம் என்று பஸ் பிடித்துப் போகிறவர்கள் டிக்கெட்டை ஒருவரே மொத்தமாக வாங்குங்கள். குழுச் சலுகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். முப்பது பேருக்கு ஒரே நீள வரிசை கேட்டால் இரண்டு ஓரமும் தூணுக்கும் ஸ்பீக்கருக்கும் பின்னால் போய் முடியும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசையில் பத்துப் பத்து நடு இடங்கள் கேளுங்கள். பஸ் ஓட்டுநரிடம் காட்சி முடியும் நேரத்தைச் சொல்லும்போது அரைமணி கூட்டிச் சொல்லுங்கள். 1,900 பேர் அளவுக்குக் கொள்ளும் அரங்கம் ஒரே வாகன நிறுத்தத்தில் காலியாகவேண்டும்.